ஆய்வைக் கிழிச்சுப் போட்டா டிசைன் மாறுமா?

எம்.ஆர்க். தீசிஸ்னு நம்ம ஊர்ல ஒப்பேத்தறதுல பாதிக்கு மேல ஆய்வே கிடையாதுன்னு சொன்னா, கட்டிடக்கலை நண்பர்கள் சண்டைக்கு வருவாங்க. வரட்டும்.

மத்தவங்களுக்கு முன்கதைச் சுருக்கம்: பி.ஆர்க். அஞ்சு வருஷம், அதுக்கு மேல எம்.ஆர்க். ரெண்டு வருஷம். கடைசியில தீசிஸ். ஒரு விஷயத்தை ஆராய்ஞ்சு, அதிலிருந்து ஒரு வடிவமைப்பு செய்யணும். அந்த 'அதிலிருந்து'லதான் மொத்தத் தகராறும்.

ஜூரியா போற இடத்துல நான் பாக்கறது இதுதான்: முதல் நாளே கட்டிடம் மனசுல ரெடி. அப்புறம் நாலு கேஸ் ஸ்டடி, நண்பர்கள் நிரப்பிக் கொடுத்த ஒரு சர்வே. "உங்களுக்குப் பசுமையான சூழல் பிடிக்குமா?" பிடிக்காதுன்னு எவன்யா சொல்லுவான்? உடனே கலர் கலரா ஒரு பை சார்ட். தாலி கட்டின பிறகு ஜாதகப் பொருத்தம் பாக்கற வேலை!

ஒரு பொண்ணு நிஜமாவே வெப்பமானி வச்சு அளந்தது. அளவெல்லாம் அது ஆசையா வரைஞ்ச நடுமுற்றத்துக்கு எதிரா வந்துடுச்சு. வழிகாட்டி சொன்ன யோசனை: "அந்த அத்தியாயத்தை எடுத்துடும்மா." அடப்பாவிகளா, அந்த அத்தியாயம்தான்யா தீசிஸே!

"டிசைன் ஒரு படைப்பு, அதுல என்ன ஆய்வு?"ன்னு ஒரு கோஷ்டி கேக்கும். இந்தோர்ல பி.வி.தோஷி செஞ்ச அரண்யா குடியிருப்பைப் பாருங்க சாமி. ஏழைகள் தாங்களே கட்டிக்கிட்ட குடியிருப்புகளை அவரோட வாஸ்து-சில்பா அமைப்பும் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகமும் சேர்ந்து அளந்து வரைஞ்சாங்க. 1984ல அறிக்கையா வந்துச்சு. திண்ணை, மரத்தடி, வாசல்ல போட்ட கடைன்னு ஒண்ணு விடல. அரண்யாவில வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவுல திண்ணைக்கும் படிக்கும்னு இடம் விட்டிருக்கறது சும்மா வந்த கற்பனை இல்ல. 1995ல ஆகா கான் விருது வாங்கின வேலை அது. படைப்பு ஒண்ணும் செத்துப் போகலையே?

"ஒரு செமஸ்டர்ல அவ்வளவு முடியுமா?" முடியாது. அதனால கேள்வியைச் சின்னதாக்குங்க. சென்னையில இருந்து பெயர்த்தெடுத்த குடும்பங்களைப் பெரும்பாக்கத்துல எட்டுத் தள அடுக்குகள்ல வச்சிருக்கு. தெருவோரம் இட்லிக்கடை போட்ட அக்கா ஏழாவது மாடிக்குப் போனதும் கடை எங்க போச்சு? இது ஒரு கேள்வி. தாழ்வாரத்துல காலையிலருந்து ராத்திரி வரை உக்காந்து, யார், எந்த நேரத்துல, எத்தனை அடி இடத்துல என்ன செய்றாங்கன்னு குறிங்க. கீழ்த்தளம் கடைகளுக்கே வேணும்னு பதில் வந்தா, நீங்க வரைஞ்ச கார் பார்க்கிங் போயே ஆகணும். வலிக்கும். வலிக்காத ஆய்வு ஆய்வில்ல.

மார்க் போடற பெருசுகளுக்கும் ஒரு வார்த்தை. அளந்து பாத்துட்டு கடைசி மாசத்துல டிசைனை மாத்தற பையனுக்கு மார்க்கைக் குறைக்காதீங்க. கூட்டிப் போடுங்க. பொய் சொல்லப் பழக்கி அனுப்பினா, நாளைக்கு அவன் வரையற வீட்டுல நாலாயிரம் குடும்பம் முப்பது வருஷம் அவதிப்படும்.

என் சோதனை ரொம்ப எளிசு. ஆய்வுப் பக்கங்களை மொத்தமா கிழிச்சுடுங்க. வரைபடத்துல ஒரு கோடாவது காரணம் இல்லாம அந்தரத்துல தொங்குதா? தொங்கினா அது ஆய்வு. எல்லாம் அப்படியே ஜம்முனு நின்னா, பைண்டிங் செலவு தண்டம்.

மாற்றுக்கருத்து உள்ள மக்கள் பின்னூட்டத்துக்கு வாங்க, பேசித் தீத்துக்கலாம் :-)