தாம்பரத்தில் 49! நுங்கம்பாக்கத்தில் 29! கம்ப்யூட்டரின் மழைக் கணக்கை எவ்வளவு தூரம் நம்பலாம்?

2015-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி. அன்று பிடித்த மழை இரவிலும் விடவில்லை. மறுநாள் காலை 8½ மணிக்கு மழைமானிகளை எடுத்துப் பார்த்தார்கள். 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ.! மீனம்பாக்கத்தில் 35. நுங்கம்பாக்கத்தில் 29.

அடையாறு கரை புரண்டது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் பஸ் போன வீதியில் படகு போயிற்று. பீரோவும் கட்டிலும் மிதந்தன. பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழைக்கூட எடுக்க முடியாமல் மொட்டை மாடிக்கு ஓடியவர்கள் எத்தனையோ பேர்!

இப்படிப்பட்ட மழை மறுபடியும் வருமா? நம் பேரப்பிள்ளைகள் காலத்தில் அடிக்கடி வருமா? வீடு கட்டுகிறவர் இதைத்தான் கேட்கிறார். மழைநீர்க் கால்வாய் வெட்டுகிற என்ஜினீயரும் இதைத்தான் கேட்கிறார். பதில் சொல்வது கம்ப்யூட்டர். அந்தப் பதில் எவ்வளவு தூரம் சரி?

கட்டம் போட்ட ஆகாயம்

கோலம் போடுவதற்குப் புள்ளி வைப்பது போல, விஞ்ஞானிகள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் காற்று எப்படி, சூடு எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. இதற்குக் "காலநிலை மாதிரி" என்று பெயர்.

உலகம் முழுவதற்கும் போடுகிற மாதிரியில் ஒரு கட்டம் 100 கிலோமீட்டர் அகலம் இருக்கும். அதற்கு மேலும் இருப்பது உண்டு. சென்னை, செங்கல்பட்டு, காஞ்சீபுரம் எல்லாம் ஒரே கட்டத்தில் அடக்கம்! அது போதாது என்றுதான் ஒரு வட்டாரத்துக்கு மட்டும் சிறிய கட்டம் போடும் "வட்டார மாதிரி" வந்தது. கிண்டியில் உள்ள அண்ணா பல்கலைக் கழகத்தார் தமிழ்நாட்டுக்காக இப்படி ஒன்றை ஓட்டிப் பார்த்தார்கள். அது பிரிட்டிஷ் வானிலைத் துறையார் செய்த "பிரெசிஸ்" என்ற மாதிரி. அதில் ஒரு கட்டம் 25 கிலோமீட்டர்.

இருபத்தைந்து என்பது சிறியதுதானே என்று தோன்றும். ஆனால் தாம்பரம், மீனம்பாக்கம், நுங்கம்பாக்கம் மூன்றும் அந்த ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடும். மூன்றுக்கும் சேர்த்து மாதிரி சொல்வது ஒரே எண். 49-ம் இல்லை, 29-ம் இல்லை. நடுவில் ஏதோ ஒன்று. முடிச்சூர்க்காரருக்கு அந்த எண்ணால் என்ன பயன்?

இன்னொரு சங்கடமும் உண்டு. இடி மழை கொட்டுகிற மேகம் சில கிலோமீட்டர் அகலம்தான். கட்டத்தைவிட மேகம் சிறியது! ஆகையால் மாதிரியின் கண்ணுக்கு மேகமே தெரியாது. "இவ்வளவு ஈரம், இவ்வளவு சூடு இருந்தால் இவ்வளவு மழை" என்று ஒரு விதியை வைத்து மழையைப் பெய்விக்கிறது.

பழைய கேள்வித்தாள்

மாதிரிக்கும் பரீட்சை உண்டு. நடந்து முடிந்த இருபது, முப்பது வருஷத்தை அதனிடம் கொடுத்து, மழை எப்படிப் பெய்தது என்று சொல்லச் சொல்கிறார்கள். விடைதான் மழைமானிப் பதிவில் இருக்கிறதே! ஒப்பிட்டுப் பார்த்து மார்க் போடுகிறார்கள்.

மொத்த மழை எவ்வளவு என்ற கேள்வியில் பல மாதிரிகள் ஓரளவு தேறிவிடும். மழை எப்படிப் பெய்தது என்று கேட்டால்தான் தடுமாற்றம். தினமும் 1 செ.மீ. வீதம் 30 நாள் பெய்தாலும் 30 செ.மீ. ஒரே இரவில் கொட்டித் தீர்த்தாலும் 30 செ.மீ. மொத்தம் ஒன்றுதான். முதல் மழையில் கிணறு ஊறும். இரண்டாவது மழையில் கட்டில் மிதக்கும்! பெரிய கட்டம் போட்ட மாதிரிகள் தூறலை அதிக நாள் பெய்விக்கின்றன. கொட்டுகிற மழையைக் குறைத்துவிடுகின்றன.

நேரமும் தவறுகிறது. ஆடி, ஆவணியில் சென்னைப் பக்கம் இடி மழை மாலையிலும் இரவிலும் வரும். ஐப்பசி, கார்த்திகையில் கடல் மேகம் பெரும்பாலும் பின்னிரவிலோ விடியற்காலையிலோ கொட்டும். இது பாட்டிமாருக்கும் தெரியும். ஆனால் பல மாதிரிகள் நடுப்பகலிலேயே மழையைப் பெய்வித்துவிடுகின்றன.

ஆப்பிரிக்காவிலும் இதே நோய். அங்கே வேறொரு கஷ்டமும் சேர்ந்துகொண்டது. காங்கோ காட்டுப் பகுதியில் மழைமானிகள் மிகக் குறைவு. விடைத்தாளே சரியாக இல்லாதபோது யாருக்கு மார்க் போடுவது! பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் ஆப்பிரிக்கா முழுவதையும் 4 கிலோமீட்டர் அளவில் கட்டம் போட்டு ஓட்டிப் பார்த்தார்கள். மழை வரும் நேரமும் பெருமழையின் வேகமும் முன்னைவிட நன்றாகப் பொருந்தின. ஆனால் கட்டத்தைப் பாதியாகக் குறைத்தால் கம்ப்யூட்டரின் வேலை ஏறக்குறைய எட்டு மடங்காகிறது.

விடைத்தாள் விஷயத்தில் சென்னை கொடுத்து வைத்த ஊர். 1792-லேயே நுங்கம்பாக்கத்தில் வானாராய்ச்சிக் கூடம் வந்துவிட்டது. ஆனால் இந்தியாவில் மாதிரிகளைச் சோதிக்கும்போது ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழைக்கே அதிகக் கவனம் கிடைக்கிறது. தமிழ்நாட்டுக்கு வருஷ மழையில் கிட்டத்தட்டப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் வருகிறது. அந்தப் பரீட்சையில் தேறியது இந்தப் பரீட்சையிலும் தேறும் என்பது என்ன நிச்சயம்?

கார்கள் பாலம் ஏறின

2015 மழைக்கு உலகம் சூடாவதே காரணம் என்று பலர் நினைத்தார்கள். பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து 2016-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பதிவுகளையும் மாதிரிகளையும் அலசியதில், அப்படித் தெளிவாகச் சொல்லத் தடயம் கிடைக்கவில்லை! வங்கக் கடலின் மேற்குப் பகுதி பல வருஷங்களாகச் சூடேறவில்லை. காற்றிலுள்ள மாசுத் தூசி வெயிலை மறைத்தது அதற்குக் காரணமாக இருக்கலாம் என்றார்கள். தூசி குறைந்தால் நிலைமை மாறலாம். ஆகவே அதை வைத்து நிம்மதியாகத் தூங்கவும் முடியாது.

நாளைய மழையைச் சொல்லும் கணக்கும் இதே வம்சம்தான். 2021 டிசம்பர் 30-ந் தேதி, யாரும் எதிர்பாராத பெருமழை சென்னையில் சில மணி நேரத்தில் கொட்டியது. 2024 அக்டோபர் 16-ந் தேதிக்குச் சிவப்பு எச்சரிக்கை கொடுத்தார்கள். வேளச்சேரி ஜனங்கள் முன்கூட்டியே கார்களை மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். அன்று பயந்த அளவு மழை இல்லை. தாழ்வு மண்டலம் வடக்கே ஒதுங்கிவிட்டது. பலர் சிரித்தார்கள். 2015-ல் காரைப் பறிகொடுத்தவர் சிரித்திருக்க மாட்டார்.

பள்ளிக்கரணையில் 2022-ல் ஒரு ராடார் வந்தது. அது வந்துவிட்ட மேகத்தைக் காட்டும். வரப்போகும் மேகத்தைக் காட்டாது. 2025 மே மாதம் மத்திய சர்க்கார் 6 கிலோமீட்டர் கட்டம் போடும் புதிய முன்னறிவிப்பு முறையைத் தொடங்கியது. அதற்கு முன் 12 கிலோமீட்டர். தாம்பரமும் நுங்கம்பாக்கமும் இதில் ஒரே கட்டத்தில் இல்லை. இது நல்ல முன்னேற்றம். ஆனால் இது நாளைக்கும் நாளை மறுநாளுக்கும் ஆகும். ஐம்பது வருஷம் நிற்க வேண்டிய கால்வாய்க்குப் பெரிய கட்டக் கணக்குதான் பெரும்பாலும் கையில் இருக்கிறது. அந்தக் கணக்கைக் காட்டுகிறவர்கள், அது பழைய கேள்வித்தாளில் வாங்கிய மார்க்கையும் சேர்த்துக் காட்டுவதே நியாயம்.

புறநகர்களில் பழைய வீடுகளை ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்கள். 3 அடியா, 5 அடியா என்று மேஸ்திரி கேட்கிறார். வீட்டுக்காரர் அவரை உள்ளே அழைத்துப் போய், 2015-ல் தண்ணீர் நின்ற கோட்டைச் சுவரில் காட்டுகிறார்.