முனகின எஞ்சினும் மூணு வோல்ட்டும்

புராஜெக்ட் டெமோ நெருங்க நெருங்க, அதுவரை ஒழுங்கா ஓடின ஒண்ணு திடீர்னு மக்கர் பண்ணுமே... அந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும்தானே? எங்க டீமுக்கு அது ஒரு குட்டி எலெக்ட்ரிக் ரயில் எஞ்சின்.

ரெண்டடி நீளம். 12 வோல்ட் பேட்டரி, ரெண்டு கியர் மோட்டார், வேகத்தைக் கட்டுப்படுத்த ஆர்டுயினோ, நடுவுல எல்298 மோட்டார் டிரைவர். கையில தூக்கிப் பிடிச்சா சக்கரம் விர்ருனு சுத்தும். தண்டவாளத்துல இறக்கி நாலு பெட்டியை மாட்டினா, 'ம்ம்ம்'னு ஒரு முனகல். நகராது!

எலெக்ட்ரிக்கல் பார்ட்டிகளான நாங்க உடனே என்ன செஞ்சோம்? மெக்கானிக்கல் நண்பன் மேல பழியைத் தூக்கிப் போட்டோம். "உன் கியர்தான்டா இறுகுது!" பாவம், ரெண்டு ராத்திரி முழிச்சு மூணு தடவை பிரிச்சுக் கோத்தான். ரிச்சி தெருவுக்கு ஓடி புது மோட்டார்கூட வாங்கினோம். அதே முனகல்.

அப்போதான் லேப் அண்ணன் கேட்டார்: "வோல்ட்டேஜ் பார்த்தீங்க, சரி. பெட்டியை மாட்டிட்டுப் பார்த்தீங்களா?"

பார்க்கவே இல்லை பாஸ்! சும்மா நிக்கிற பேட்டரி 12.6 வோல்ட் காட்டினதும் திருப்தி ஆயிட்டோம். இப்போ பெட்டியோட, ஃபுல் ஸ்பீடு குடுத்து, சில விநாடி மட்டும் அளந்தோம். பேட்டரி முனையில 12.1. மோட்டார் முனையில 8.9! மூணு வோல்ட்டுக்கு மேல வழியிலேயே காணோம். டிரைவரைத் தொட்டா விரல் சுட்டுது. திருடன் சிக்கிட்டான்!

எல்298 பழைய டிசைன். உள்ள இருக்கிறது பைப்போலார் டிரான்சிஸ்டர்கள். 2 ஆம்பியர் போனா அதிகபட்சம் 4.9 வோல்ட் வரை அதுவே சாப்பிடலாம்னு அதோட டேட்டா ஷீட்டிலேயே இருக்கு. நாங்க படிக்கலை. மோட்டாரோட ஆரம்ப இழுவை வோல்ட்டேஜைப் பொறுத்தது. ஸோ, கால்வாசி பலம் அங்கேயே காலி.

சரின்னு ஐஆர்எஃப்540 மாஸ்ஃபெட் போட்டோம். அதுவும் கொதிச்சுது! காரணம், அதை முழுசா திறக்க கேட்டுக்கு 10 வோல்ட் வேணும். ஆர்டுயினோ தர்றது 5தான். பாதி திறந்த குழாய் மாதிரி. 5 வோல்ட்டுக்கே நல்லா திறக்கிற ஐஆர்எல்இசட்44என் போட்டதும் இழப்பு 0.1 வோல்ட்டுக்கும் கீழே! மோட்டாருக்குக் குறுக்கே ஒரு டயோடு மறக்காதீங்க. மாஸ்ஃபெட் அணையும்போது மோட்டார் காயில் உதைக்கிற உதையில மாஸ்ஃபெட் செத்துடும்.

ரயில் நகர்ந்தாச்சு. ஆனா மெதுவா கிளப்பினா மறுபடி முனகல். நின்ன சைக்கிளுக்கு முதல் மிதிதானே கஷ்டம்? அதனால புரோகிராம்ல முதல் 0.1 விநாடி ஃபுல் பவர், அப்புறம் கேட்ட வேகம்னு ரெண்டு வரி சேர்த்தோம். ஜம்முனு கிளம்புச்சு.

உங்க எஞ்சினும் மக்கர் பண்ணுதா? இதைப் பாருங்க:

* சக்கரம் சுத்துது, வண்டி நகரலையா? மோட்டார் மேல தப்பில்லை, பிடிமானம் இல்லை. எஞ்சின்ல எடை ஏத்துங்க. நிஜ டபிள்யூஏபி-7 எஞ்சினே 123 டன்!

* கிளம்பும்போது ஆர்டுயினோ ரீசெட் ஆகுதா? மோட்டார் இழுக்கிற கரன்ட்ல வோல்ட்டேஜ் சரியுது. பேட்டரியையும் ஒயர் தடிமனையும் கவனிங்க.

* சக்கரம் அசையாம முனகுதா? பேட்டரியில ஆரம்பிச்சு மோட்டார் வரை ஒவ்வொரு இடமா, லோடோட அளந்துட்டு வாங்க. எங்கே குறையுதோ, அங்கேதான் வியாதி.

டெமோ அன்னிக்கு நாலு பெட்டியோட ரயில் முழு ரவுண்டு அடிச்சுது. கைதட்டல் வந்தப்போ நான் நண்பனைத்தான் பார்த்தேன். அவன் கியர்ல ஒரு பல்லைக்கூட நாங்க மாத்தலை. மூணு தடவையும் சரியாத்தான் கோத்திருக்கான். "ஸாரிடா"ன்னேன். "முதல்ல மீட்டரை வை, அப்புறம் வாயை வை"ன்னான். பரோட்டா வாங்கிக் குடுத்து சமாதானம் ஆனோம்.

அதனால மக்களே, அடுத்த தடவை புராஜெக்ட் நின்னா, நண்பன் பக்கம் விரல் நீட்டுறதுக்கு முன்னாடி மல்டிமீட்டர் ஊசியை நீட்டுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்!