தாம்பத்ய உறவில் வலி: எண்டோமெட்ரியோசிஸ் நோயும் அந்தமான் தீவுகளின் தூரமும்

ஸ்ரீ விஜயபுரம்: மாதவிடாய்க் கால வலியாக மட்டுமே பெரும்பாலும் அறியப்படும் எண்டோமெட்ரியோசிஸ் நோய், கணவன் மனைவி உறவையும் ஆழமாகப் பாதிக்கிறது. உடலுறவின்போதும் அதன் பின்னரும் ஏற்படும் வலியை இந்நோயின் அறிகுறிகளுள் ஒன்றாக உலக சுகாதார நிறுவனம் குறிப்பிடுகிறது. மருத்துவரிடம் சொல்லப்படாமலேயே போவதும் பெரும்பாலும் இந்த அறிகுறிதான். நோய் கண்டறியப்படாத ஆண்டுகளில் அந்த வலிக்கு வீட்டுக்குள் கிடைக்கும் பெயர் 'மறுப்பு'. மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் நடுவே கடல் கிடக்கும் அந்தமான் நிக்கோபார் தீவுகளில், அந்த ஆண்டுகள் மேலும் நீள்வதற்குக் காரணங்கள் உள்ளன.

கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே வளர்வதே எண்டோமெட்ரியோசிஸ் ஆகும். சினைப்பை, கருப்பையைத் தாங்கும் தசைநார்கள், கருப்பைக்கும் மலக்குடலுக்கும் இடைப்பட்ட பகுதி ஆகிய இடங்களில் இத்திசு படியும்போது அழற்சியும் தழும்பும் உண்டாகின்றன. உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும் உண்டு. உடலுறவின்போது இப்பகுதிகள் அழுத்தப்படுவதால் அடிவயிற்றின் ஆழத்தில் வலி எழுகிறது. சிலருக்கு அது சில மணி நேரத்தில் தணியும்; சிலருக்கு மறுநாளும் தொடரும்.

வலியை ஒருமுறை அறிந்த உடல், அடுத்த முறை அதை எதிர்பார்க்கத் தொடங்குகிறது. இடுப்புத்தளத் தசைகள் தாமாகவே இறுகிக்கொள்கின்றன. அந்த இறுக்கமே புதிய வலிக்குக் காரணமாகிறது. இதனால் விருப்பம் குறைகிறது, உறவைத் தவிர்க்கும் மனநிலை உருவாகிறது. கட்டியணைப்பது, அருகில் படுப்பது போன்ற சாதாரண நெருக்கம் கூட "இதன் பிறகு அது வருமோ" என்ற அச்சத்தால் குறைந்துவிடுகிறது. கணவனுக்கோ தான் ஒதுக்கப்படுவதாகத் தோன்றுகிறது. இருவரும் பேசிக்கொள்ளாத வீட்டில் இந்த இரண்டு எண்ணங்களும் தனித்தனியே வளர்கின்றன.

உலகில் இனப்பெருக்க வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினர், அதாவது சுமார் 19 கோடிப் பேர், இந்நோயால் பாதிக்கப்பட்டுள்ளதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. நோய் கண்டறியப்படுவதற்கு 4 முதல் 12 ஆண்டுகள் வரை ஆகின்றன என்பதும் அதன் கணிப்பே. இருபது வயதில் மணமாகும் ஒரு பெண்ணுக்கு இது மணவாழ்வின் முதல் பகுதி முழுவதும் என்று பொருள்.

சட்டம் கேட்கும் 'தக்க காரணம்'

இந்தத் தாமதம் மருத்துவத்தோடு நின்றுவிடுவதில்லை. சமர் கோஷ் - ஜயா கோஷ் வழக்கில் 2007-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மனரீதியான கொடுமைக்கான எடுத்துக்காட்டுகளைப் பட்டியலிட்டது. உடல்ரீதியான இயலாமையோ தக்க காரணமோ இன்றி, கணிசமான காலத்துக்கு உடலுறவை ஒருதலைப்பட்சமாக மறுப்பது கொடுமையாகக் கருதப்படலாம் என்பது அவற்றுள் ஒன்று. எண்டோமெட்ரியோசிஸ் தக்க காரணமே. ஆனால், நோய் இன்னதென்று மருத்துவர் எழுதித் தராத பெண்ணின் கையில் அந்தக் காரணத்துக்கான சான்று ஏதுமில்லை. மறுபுறம், மனைவி 18 வயது நிறைந்தவராயின் கணவனின் வற்புறுத்தல் பாலியல் வன்கொடுமை ஆகாது என்ற விதிவிலக்கு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆவது பிரிவிலும் தொடர்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவில்தான் வலியுள்ள மனைவி நிற்கிறாள்.

தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019-21) இது குறித்து ஓரளவு வெளிச்சம் தருகிறது. மனைவி உறவை மறுப்பது நியாயமா என்று மூன்று சூழல்களைச் சொல்லி அந்த ஆய்வு கேட்டது: கணவனுக்குப் பால்வினை நோய் இருத்தல், அவனுக்கு வேறு பெண்களுடன் தொடர்பு இருத்தல், மனைவி களைப்பாகவோ விருப்பமின்றியோ இருத்தல். மூன்றிலும் மறுக்கலாம் என்று ஒப்புக்கொண்ட பெண்கள் 80 விழுக்காடு, ஆண்கள் 66 விழுக்காடு. நாட்டின் மிகப்பெரிய இந்தக் குடும்ப நல ஆய்வின் கேள்விப் பட்டியலில் 'வலி' என்றொரு சூழல் இடம்பெறவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

கடலைக் கடக்கும் நோயாளிகள்

2011 கணக்கெடுப்பின்படி 3.80 லட்சம் மக்கள் வாழும் அந்தமான் நிக்கோபாரில், ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். உயர் சிகிச்சைக்குத் தீவு மக்கள் நம்பியிருப்பது தலைநகரிலுள்ள ஜி.பி. பந்த் மருத்துவமனையை. வடக்கே திக்லிப்பூரிலிருந்து அங்கு வர ஏறத்தாழ 300 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும். வழியில் ஜாரவா பழங்குடியினரின் காப்புப் பகுதியைக் குறிப்பிட்ட நேரங்களில் வாகன அணிவகுப்பாக மட்டுமே கடக்க முடியும். தெற்கே கிரேட் நிக்கோபாரின் கேம்ப்பெல் பே 500 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. அங்கும் முடியாதபோது சென்னைதான். கப்பலில் சுமார் மூன்று நாள். காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் இப்பயணத்தை மேற்கொள்ளும் குடும்பம், "உறவின்போது வலிக்கிறது" என்பதற்காக மேற்கொள்ளுமா என்பது எளிதில் ஊகிக்கக்கூடியதே. செவிலியரும் மருந்தாளுநரும் அண்டை வீட்டாராகவே இருக்கும் சிறு தீவில், அந்த வாக்கியத்தை உச்சரிப்பதே கடினம்.

ஆயினும் தூரத்தின் சுமையைக் குறைக்கும் மாற்றம் ஒன்று மருத்துவ வழிகாட்டுதலில் நிகழ்ந்துள்ளது. லேப்ராஸ்கோபி அறுவை சிகிச்சை மூலம் நேரில் பார்த்தால்தான் நோய் உறுதியாகும் என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. மனித இனப்பெருக்கம் மற்றும் கருவியலுக்கான ஐரோப்பியச் சங்கம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் அந்த நிலையைக் கைவிட்டது. அறிகுறிகள், ஸ்கேன் ஆகியவற்றின் அடிப்படையில் ஹார்மோன் மருந்துகளைத் தொடங்கலாம். ஸ்கேனில் எதுவும் தெரியாதபோதோ மருந்து பலனளிக்காதபோதோ லேப்ராஸ்கோபி செய்யலாம் என்கிறது அது. ஸ்கேன் இயல்பாக இருப்பதாலேயே நோய் இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது என்பதும் இதில் அடங்கும். "கல்யாணம் ஆனால், குழந்தை பிறந்தால் சரியாகிவிடும்" என்ற ஊர் வழக்குக்கும் அதில் பதில் உண்டு: நோயைக் குணப்படுத்தும் நோக்கத்துக்காக மட்டும் கருத்தரிக்குமாறு அறிவுறுத்தக் கூடாது.

சிகிச்சைக்கும் விலை உண்டு. சில ஹார்மோன் மருந்துகள் வலியைக் குறைக்கும்போதே பாலியல் விருப்பத்தையும் குறைக்கலாம், பிறப்புறுப்பில் வறட்சியை உண்டாக்கலாம். முன்கூட்டியே சொல்லப்படாவிட்டால், வலி போன பின்னும் நெருக்கம் திரும்பாதது ஏன் என்று தம்பதியர் குழம்புவர். இடுப்புத்தளத் தசைகளைத் தளர்த்தும் பிசியோதெரபி, மசகுப் பொருள், வலி மிகும் நாட்களைத் தவிர்த்தல், அழுத்தம் குறைந்த உடல்நிலைகளைத் தேர்தல் ஆகியவற்றுக்கு அறுவை அரங்கம் தேவையில்லை. தேவைப்படுவது, கணவனையும் உட்காரவைத்துப் பேசும் ஒருவர்.

சென்னையையும் தீவுகளையும் இணைக்கும் சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடிக் கண்ணாடியிழைக் கம்பிவடம் 2020 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டது. கார் நிக்கோபார், கமோர்டா, கிரேட் நிக்கோபார் வரை அது செல்கிறது. மத்திய அரசின் இ-சஞ்சீவனி தொலை மருத்துவச் சேவையும் நடைமுறையில் உள்ளது. முதல் ஆலோசனைக்குக் கப்பல் ஏற வேண்டியதில்லை. ஆனால் திரையின் மறுமுனையில் இருப்பவர் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்க வேண்டும்: வலி தொடக்கத்திலா, ஆழத்திலா, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, மாதவிடாயை ஒட்டி மிகுகிறதா, மலம் கழிக்கும்போதும் வலிக்கிறதா. இவற்றுக்கான பதில்கள் 'வயிற்று வலி' என்ற ஒற்றைச் சொல்லாகச் சுருங்காமல் நோயாளியின் சீட்டில் தேதியோடு பதிவானால், சிகிச்சைக்கும், தேவைப்பட்டால் நீதிமன்றத்துக்கும் அதுவே முதல் ஆவணம்.