கெடு வைக்க நீங்கள் யார்?

அன்பு மாணவர்களுக்கும் உறவுகளுக்கும்,

இன்று கோபமாகத்தான் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கை வீட்டுக்காரருக்கு இரைப்பைப் புற்றுநோய், மூன்றாம் கட்டம். நான்கு சுற்று கீமோ கொடுத்து, ஆபரேஷனில் இரைப்பையை முழுவதும் எடுத்துவிட்டார்கள். இன்னும் நான்கு சுற்று பாக்கி. போன வாரம் பார்க்க வந்த உறவினர் ஒருவர், அவர் காதுபடவே, "ரெண்டு வருஷம்தான்னு நெட்ல போட்டிருக்கான். இனி எதுக்கு அவரைப் போட்டு வதைக்கிறீங்க?" என்றார். அன்று முதல் மாப்பிள்ளை, "கீமோ வேண்டாம்" என்கிறார்.

ஒன்பதாம் வகுப்பில் உங்களுக்கு இடைநிலை அளவு நடத்தினேனே, மறந்துவிட்டதா? 41 பேரை மார்க் வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கும் 21-ஆவது ஆள். அவன் 40 மார்க் என்றால் யாருமே 40-ஐத் தாண்டவில்லை என்றா அர்த்தம்? அவனுக்கு மேலே 20 பேர் நிற்கிறார்கள். 95 வாங்கியவனும் அதில் இருக்கலாம்.

அறிவியலாளர் ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982-இல் வயிற்றில் வேறொரு கொடிய புற்றுநோய். அதற்கு இடைநிலை எட்டு மாதம். அவர் வாழ்ந்தது 20 ஆண்டுகள்.

இரைப்பைக்கே வருகிறேன். ஜெர்மனியில் 716 பேரிடம் நடந்த ஆய்வு, 2019-இல் வெளிவந்தது. ஆபரேஷனுக்கு முன் நான்கு, பின் நான்கு சுற்று 'ஃப்ளாட்' மருந்துகள் பெற்ற பிரிவில் இடைநிலை 50 மாதம். பழைய மருந்துப் பிரிவில் 35. ஃப்ளாட் பிரிவில் ஐந்தாண்டு தாண்டுவோர் நூற்றுக்கு 45 பேர். எட்டுச் சுற்றையும் முடித்தவர்கள் பாதிக்கும் குறைவு என்பதும் உண்மை. எங்கே நிறுத்துவது என்பதை நோயாளியும் டாக்டரும் முடிவு செய்யட்டும். காபி குடிக்க வந்தவர் அல்ல.

பொய் நம்பிக்கை கொடுக்கச் சொல்லவில்லை. கல்லீரலுக்கோ வயிற்று உறைக்கோ பரவியவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. நோய் திரும்பினால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில்தான். அதைத் தாண்டத் தாண்டக் கணக்கும் மாறும். ஆபரேஷன் அன்று சொன்ன எண்ணைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருப்பது அறியாமை.

பார்க்கப் போகிறீர்களா? ஸ்வீட் பாக்ஸ் வேண்டாம். இரைப்பை இல்லாதவருக்கு இனிப்பு ஒத்துக்கொள்ளாது. ஆறு வேளையாகக் கொஞ்சம் கொஞ்சம்தான் சாப்பிட முடியும். கீமோ அன்று கூட உட்கார ஒரு ஆள் தேவை. அதற்கு வாருங்கள்.

அந்த உறவினரும் இதைப் படிப்பார். படிக்கட்டும்.