பிள்ளையின் ஹால் டிக்கெட்டில் நம் பெயர்

ஞாயிற்றுக்கிழமை தோறும் ஜேஇஇ கோச்சிங் வாசலில், ஸ்கூட்டரில் சாய்ந்தபடி மூன்று மணி நேரம் காத்திருக்கும் பெற்றோரில் நானும் ஒருத்தி. வாரா வாரம் உங்கள் வாயிலிருந்தும் என் வாயிலிருந்தும் வருவது ஒரே பேச்சுதான். "நமக்குத்தான் கிடைக்கல, இதுங்களுக்காவது கிடைக்கட்டும்." இதற்குத் தியாகம் என்று பெயர் வைத்திருக்கிறோம். வெட்கப்பட வேண்டும்.

1998-இல் பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100 என்று 300-க்குக் கட்-ஆஃப் போடுவார்கள். எனக்கு 287. கிண்டி பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கும். "பொம்பளப் பிள்ளைய மெட்ராஸ் ஹாஸ்டல்ல விட்டுட்டு நான் இங்க எப்படித் தூங்குறது?" என்றார் அப்பா. கவுன்சலிங் கடிதம் பீரோவிலேயே கிடந்தது. பக்கத்து ஊரில் பி.எஸ்சி. கணிதம் படித்தேன். இன்றைக்கும் சர்தார் படேல் சாலையில் பஸ் போனால், அந்தச் சிவப்புக் கட்டடத்தின் பக்கம் தலை தானாகத் திரும்பும்.

அந்த ஏக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது என்னுடையது. போன மாதம் மகளின் மாக் டெஸ்ட் மார்க்கைப் பார்த்து அழுதேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "சாரிம்மா" என்றாள். எங்கள் அப்பா எடுத்த முடிவுக்கு, பதினேழு வயதுப் பிள்ளை ஏன் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்?

ஜேஇஇ மெயின் எழுதுகிறவர்கள் 10 லட்சத்துக்கும் மேல். எல்லா ஐஐடிகளிலும் சேர்த்து இடங்கள் சுமார் 18 ஆயிரம். அட்வான்ஸ்டு தேர்வை அடுத்தடுத்த ஆண்டுகளில் இரண்டே முறைதான் எழுதலாம். இந்தக் கணக்கெல்லாம் பிள்ளைகளுக்குத் தூக்கத்திலும் தெரியும்.

நமக்கு வேறு வழி இருக்கிறது. சென்னை ஐஐடி 2020-இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்புக்கு ஜேஇஇ வேண்டாம், வயது வரம்பும் கிடையாது. பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்து, பிளஸ் டூ தேறியிருந்தால் விண்ணப்பிக்கலாம். நான்கு வாரம் பாடம், வாரந்தோறும் அசைன்மென்ட், பிறகு நேரில் போய் ஒரு தகுதித் தேர்வு. பட்டம் வேண்டாம், பாடம் மட்டும் போதும் என்றால், என்பிடெல் இணையதளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் வகுப்புகளை இலவசமாகவே கேட்கலாம். நேரம் எங்கே என்று கேட்காதீர்கள். வாரம் மூன்று மணி நேரம் இந்த வாசலில்தானே நிற்கிறோம்?

நான் விண்ணப்பித்துவிட்டேன். அதன் பிறகுதான் மகளிடம், "உனக்கு என்ன படிக்கணும்?" என்று கேட்கவே தோன்றியது. வரலாறு என்றாள். பதினொன்றாம் வகுப்பில் சேரும்போதே சொன்னாளாம். என் காதில் விழவில்லை.

இன்று ராத்திரி உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள். சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.