கஷாயம் நான் தருவேன்... தொட்டியை யார் கழுவுவது?

2017, ஐப்பசி மாதம். தமிழ்நாட்டில் டெங்கு கடுமையாகப் பரவிக்கொண்டிருந்த நேரம். பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா, பத்து வயது மகனோடு என்னிடம் வந்தார்.

"போன வாரம் மூத்தவனுக்குக் காய்ச்சல். இப்ப இவனுக்கு. நிலவேம்பு குடுங்க டாக்டர்" என்றார்.

நிலவேம்புக் குடிநீர் கொடுத்தேன். கூடவே, ரத்தப் பரிசோதனைக்கு அரசு ஆஸ்பத்திரிக்கும் அனுப்பினேன். விடாத வாந்தி, வயிற்று வலி, ரத்தக்கசிவு என்று வந்தால் எந்த வைத்தியத்தையும் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. இதை நீங்களும் மறந்துவிடாதீர்கள்.

போகும்போது கேட்டேன்: "வீட்டுல தண்ணியை எதுல புடிச்சு வைக்கிறீங்க?"

"சிமெண்ட் தொட்டியில. எட்டு நாளைக்கு ஒருக்காதானே தண்ணி விடறாங்க!"

"கொசு ஒழிக்க ஆளுங்க வர்றாங்களா?"

"முன்னெல்லாம் தலைவர் வீட்டு வாசல்ல நின்னு சத்தம் போட்டா வருவாங்க. இப்ப தலைவரே இல்லியே, யாரைக் கேக்குறது?"

நோயைப் பார்த்தால் போதாது, அதன் மூலத்தைத் தேடு என்பதுதான் சித்த மருத்துவம் எனக்குக் கற்றுத் தந்த முதல் பாடம். அந்தப் பையனின் காய்ச்சலுக்கு மூலம் கொசு. கொசுவுக்கு மூலம் தொட்டி. தொட்டிக்கு மூலம் எட்டு நாள் தண்ணீர். அதற்கும் மூலம்? அங்கேதான் வருகிறது பஞ்சாயத்து!

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, நல்ல தண்ணீரில்தான் வளரும். முட்டை கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாள் போதும். அதனால்தான், "வாரம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்து, தேய்த்துக் கழுவுங்கள்" என்கிறது அரசு. அருமையான யோசனை. ஆனால் எட்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிற வீட்டில், ஏழாம் நாள் அதை யார் கீழே கொட்டுவார்கள், சொல்லுங்கள்?

சென்னையில் போடுகிற உத்தரவில் இந்தத் தொட்டி தெரியாது. எந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை, எந்தக் குழாயில் உடைப்பு என்பது வார்டு உறுப்பினருக்குத்தான் தெரியும். தெரியவில்லை என்றால், அடுத்த தேர்தலில் ஜனங்கள் தெரிய வைப்பார்கள்!

இதற்காகத்தான் 1993-ல் 73-வது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. குடிநீர், சுகாதாரம், மருந்தகங்கள் உட்பட 29 துறைகளை உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கலாம் என்று பட்டியலும் போட்டது. "ஒப்படைக்கலாம்" என்பதைக் கவனியுங்கள். எவ்வளவு என்பது மாநிலங்களின் விருப்பம்!

கேரளம் 1990-களின் நடுவிலேயே ஆரம்ப சுகாதார நிலையங்களையும், ஆயுர்வேத, ஹோமியோ மருந்தகங்களையும் உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தது. 1996-ல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது, திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை கீழே அனுப்ப முடிவெடுத்தது. அங்கே டெங்கு இல்லையா? இருக்கிறது. ஆனால் மருந்தகத்தில் குறை என்றால், எந்தக் கதவைத் தட்டுவது என்று ஜனங்களுக்குத் தெரியும்.

நம் ஊரில் ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதாரத் துறையிடம். தண்ணீர்த் தொட்டியும் குப்பையும் பஞ்சாயத்திடம். காய்ச்சல் ஓரிடம், காரணம் வேறிடம்! இதில் நடுவே உள்ளாட்சித் தேர்தலும் நின்றால்?

நின்றதே! 2016 அக்டோபரிலிருந்து 2019 கடைசி வரை, தேர்ந்தெடுத்த தலைவர்கள் இல்லை. தனி அலுவலர்கள்தான். அந்த அம்மா வந்தது அப்போதுதான். மறுபடி 2025 ஜனவரியில், 2019-ல் தேர்தல் நடந்த மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்ததும், அதே தனி அலுவலர் ஏற்பாடு. தமிழ்நாட்டில் சுமார் 12,500 கிராம ஊராட்சிகள், 388 ஒன்றியங்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு ஒன்றியத்துக்கு முப்பதுக்கும் மேல்! எவ்வளவு நல்ல அதிகாரியாக இருந்தாலும் முப்பது ஊர்த் தொட்டிகளை எட்டிப் பார்க்க முடியுமா?

தேர்தல் நடக்காததால்தான் டெங்கு வந்தது என்று நான் சொல்லவில்லை. மழை, கொசு, நம் அலட்சியம் எல்லாம் சேர்ந்துதான் வந்தது. ஆனால் தட்டிக் கேட்க ஒரு வாசல் இல்லாமல் போனது உண்மை.

"பஞ்சாயத்துக்குப் பணம் கொடுத்தா சுருட்டிடுவாங்க சார்" என்பீர்கள். சுருட்டுபவர்கள் எங்கும் உண்டு. சென்னையில் சுருட்டினால் நமக்குத் தெரியாது. உள்ளூரில் சுருட்டினால் டீக்கடையிலேயே தெரிந்துவிடும்! வேலையை மட்டும் தலையில் கட்டி, பணத்தையும் ஆளையும் மேலேயே வைத்துக்கொள்வதுதான் தவறு. அது பத்தியம் மட்டும் சொல்லி, மருந்து தராமல் அனுப்புவது போல.

கிராம சபை முன்பு ஆண்டுக்கு 4 முறை; 2022-லிருந்து 6 முறை. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி ஆகியவற்றோடு மார்ச் 22, நவம்பர் 1. அடுத்த முறை போய் மூன்றே கேள்வி கேளுங்கள். மேல்நிலைத் தொட்டியை எப்போது கழுவினீர்கள்? கடைசி வீட்டுக் குழாயில் குளோரின் அளவு 0.2 பி.பி.எம். இருக்கிறதா? எங்கள் தெருவுக்கு ஏன் எட்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர்?

பதிலைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுதும் வரை எழுந்திருக்காதீர்கள்.

கஷாயம் நான் காய்ச்சித் தருகிறேன். தொட்டியைக் கழுவ வைக்க வேண்டியவர் நீங்கள்தான்!