வெந்நீர் வரும் முன்னே

விழிஞ்ஞத்தில் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. கொதிநீரைக் குழாய்களில் ஓடவிட்டு வீட்டையே சூடாக்கும் அவசியம் லண்டனிலும் டொராண்டோவிலும் குடியேறிய தமிழர்களுக்குத்தான். இங்கே வெந்நீர் குளிப்பதற்கு: பிரசவமான பெண்ணுக்கு, மூட்டுவலிக்காரப் பெரியவருக்கு, பக்கத்துக் கோவளத்தில் அறை எடுக்கும் பயணிக்கு. அதற்காக மொட்டைமாடியில் ஏறுகிறது சோலார் வாட்டர் ஹீட்டர். 200 லிட்டர் நீரின் வெப்பத்தை 30 டிகிரி உயர்த்த மின்சாரத்தில் 7 யூனிட் செலவாகும். வெயிலில் இனாம்.

இனாம்தான், முதல் நாள் வேலை ஒழுங்காக நடந்தால். உச்சி வெயிலில் பைப்பை மாட்டி, வால்வைத் திறந்து, பணத்தை வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவது பல பிளம்பர்களின் வழக்கம். காலையிலிருந்து தண்ணீரில்லாமல் காய்ந்த கண்ணாடிக் குழாய்களின் உள்சூடு 200 டிகிரியைத் தாண்டியிருக்கும். அதில் டேங்க் தண்ணீர் பாய்ந்தால் கண்ணாடி படீரென்று விரிசல் விடும். விடிகாலையிலோ பொழுது சாய்ந்த பிறகோ நிரப்பினால் போதும். ஆனால் பிளம்பருக்கு அடுத்த வீட்டில் வேலை காத்திருக்கிறதே!

அடுத்த வில்லன் காற்று. 1991-ல் சென்னை ஐஐடி விஞ்ஞானிகள் இதே விழிஞ்ஞம் துறைமுகத்தில், அலையின் ஏற்ற இறக்கத்தில் அழுத்தப்படும் காற்றைக் கொண்டே டர்பைனைச் சுழற்றி மின்சாரம் எடுத்துக் காட்டினார்கள். வெந்நீர்க் குழாயிலோ அதே காற்று பகையாளி. பைப் எங்காவது மேடாக வளைந்தால் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். டேங்கில் கொதிக்கும், குளியலறைக் குழாய் வெறுமனே இருமும். வீட்டுக்காரர் வெயிலைத் திட்டுவார். வெந்நீர்க் குழாய்கள் அத்தனையையும் திறந்து வைத்து, இருமல் நின்று நீர் ஒரே சீராக விழும்வரை மெதுவாக நிரப்புவதுதான் மருந்து.

டேங்கின் தலையில் நிற்கும் காற்றுப் போக்கி பைப் பார்வைக்கு அற்பமானது. ஆனால் 200 லிட்டர் நீர் 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடேறினால் ஏறக்குறைய 3 லிட்டர் உப்பும். அது போக வழி வேண்டும். தண்ணீர் இறங்கும்போது காற்று உள்ளே வரவும் அதே வழிதான். சொட்டுகிறதே என்று அதன் வாயை அடைத்த புண்ணியவான்கள் உண்டு. டேங்க் உள்வாங்கி நசுங்கிய பிறகே அருமை தெரியும். அந்த பைப் மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே உயர்ந்து நிற்க வேண்டும். வெந்நீர்ப் பாதையில் சாதாரண பிவிசி பைப் கூடாது, இளகிவிடும். சிபிவிசி பைப்தான் தாங்கும்.

மறுநாள் மாலை நான்கு மணிக்குக் குழாயைத் திறந்து பார்த்த பிறகே பாக்கியைக் கொடுப்பது புத்திசாலித்தனம். உள்ளே இருக்கும் மின் காயிலையும், அதன் எர்த் இணைப்பையும் அப்போதே சோதித்துவிட வேண்டும். கோடையில் ஹீட்டர் மாட்டியவர்கள் இதை மறந்துவிட்டு, இடவப்பாதி மழையில் ஈரக் கையோடு அந்த சுவிட்சை முதன்முறையாகப் போடுகிறார்கள்.